வேப்பங்கவரும் ஆர்சனிக்கும்

வணக்கம் ஐயா,

அவதானம், பரிசோதனை என்று நிற்பவர்கள் உண்மையின் பெரும்பகுதிக்குக் கதவடைத்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். என் அம்மப்பா நிலத்தடி நீரோட்டம் பார்ப்பவர்; வேப்பங்கவரை, அதாவது கவட்டையான வேப்பங்குச்சியை, பிடித்து நடந்தே பல கிணறுகளுக்கு இடம் காட்டினார். எந்த ஆய்வுகூடம் இதை ஏற்கும்?
ஒரு வாசகர், ஒட்டுசுட்டான்

அன்புள்ள தம்பி,

உங்கள் அம்மப்பாவைப் பொய்யர் என்று சொல்லமாட்டேன். வவுனியாவில் எங்கள் வளவுக் கிணற்றுக்கும் நீரோட்டம் பார்த்துத்தான் இடம் குறித்தோம், தண்ணீர் வந்தது. பக்கத்து வளவுக்காரர் செலவைப் பார்த்து எவரையும் அழைக்காமல் வேலியோரமாக வெட்டினார். அங்கும் வந்தது. கருங்கல்லுக்கு மேலே உக்கிக் கிடக்கும் பாறைப் படையில் நீர் தேங்குகிற நிலம் இது.

கதவடைப்புக்கு வருகிறேன். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த சிறுநீரக நோய் வவுனியா விவசாயிகளையும் விட்டுவைக்கவில்லை. மருத்துவர்கள் அதற்கு வைத்த பெயரிலேயே ‘காரணம் அறியப்படாத’ என்று இருக்கிறது. தெரியாததைப் பெயரிலேயே எழுதிவைத்த துறை அது.

2011இல் களனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு குழு ஆர்சனிக் என்ற நஞ்சுதான் காரணம் என்றது. அந்தத் துப்பு தெய்வத்திடமிருந்து கிடைத்ததாக, அதில் முன்னின்ற பேராசிரியர் நளின் டி சில்வா வெளிப்படையாகவே சொன்னார். மேற்கத்திய விஞ்ஞானத்தை உங்களைவிடக் கடுமையாகச் சாடியவர் அவர். பலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை மூடிய மனம் என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். விஞ்ஞானிகளிலும் தலைக்கனம் பிடித்தவர்கள் உண்டு. ஆனால் சிரிப்போடு விஷயம் முடியவில்லை. அரிசியிலும் தண்ணீரிலும் உரத்திலும் ஆர்சனிக்கை அளந்து பார்த்தார்கள். யோசனை கனவில் வந்ததா, கோயிலில் வந்ததா என்பது அந்த அளவைக்குப் பொருட்டே இல்லை. ஆர்சனிக்தான் காரணம் என்பது இன்றுவரை நிலைநாட்டப்படவில்லை. புளோரைட், கிணற்று நீரின் கடினத்தன்மை, விவசாய இரசாயனங்கள் எல்லாம் இன்னும் சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன. நோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தாமதம் கொடுமை என்பதையும் அறிவேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அம்மப்பா காட்டிய இடங்களில் தண்ணீர் வராமல் தூர்த்துவிட்ட குழிகள் எத்தனை? அவற்றைப் பற்றி ஊரில் யாரும் பேசியிருக்கமாட்டார்கள். வயதானவர்களிடம் விசாரித்து, ஊறியவற்றையும் ஊறாதவற்றையும் எண்ணி எழுதுங்கள். நீரோட்டம் பார்க்காமல் வெட்டிய கிணறுகளையும் சேர்த்து எண்ணுங்கள். கணக்கு எனக்கு எதிராக வந்தாலும் இங்கேயே வெளியிடுகிறேன்.