கணினியில் தொல்லை விளம்பரங்கள்: ஃபார்மட் செய்வதற்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி: மடிப்பாக்கத்தில் வசிக்கிறேன். வீட்டில் விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினி ஒன்று இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன், பள்ளி வேலைக்காக பிடிஎஃப் கோப்பை வேர்டு கோப்பாக மாற்றும் மென்பொருள் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி நிறுவினான். அதன் பிறகு திரையின் வலது கீழ் மூலையில் ‘உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது’ என்ற அறிவிப்புகள் ஓயாமல் வருகின்றன. குரோமில் எதைத் தேடினாலும் கூகுளுக்குப் பதிலாக, பெயர் தெரியாத வேறொரு தேடுதளம் திறக்கிறது. அருகிலுள்ள கடையில் காட்டியபோது, முழுவதும் ஃபார்மட் செய்து புதிய ஆன்டிவைரஸ் போட வேண்டும் என்றார்கள். வீட்டுக் கணக்குகளும் குடும்பப் படங்களும் அதில்தான் இருக்கின்றன. ஃபார்மட் செய்யாமல் சரிசெய்ய முடியுமா? இனி வராமல் தடுப்பது எப்படி?

பதில்: முடியும். நீங்கள் கூறும் அறிகுறிகள் ஆட்வேர் எனப்படும் விளம்பர மென்பொருளுக்கு உரியவை. பெரும்பாலான ஆட்வேர் விண்டோஸின் ஆழத்துக்குள் போவதில்லை. பிரவுசரிலும் அதைச் சுற்றியுள்ள சில இடங்களிலும்தான் தங்குகிறது. அந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அகற்றினால் போதும், உங்கள் கோப்புகளைத் தொட வேண்டிய அவசியமே வராது.

ஃபார்மட் செய்தாலும் இந்தத் தொல்லை திரும்பி வரக்கூடும் என்பதைக் கடைக்காரர்கள் பலரும் சொல்வதில்லை. குரோமில் உங்கள் கூகுள் கணக்கைக் கொண்டு உள்நுழைந்து, சிங்க் வசதியை இயக்கி வைத்திருந்தால், பிரவுசரில் சேர்ந்துவிட்ட, எக்ஸ்டென்ஷன் எனப்படும் கூடுதல் வசதிக்கான சிறு நிரல்களும் மாற்றப்பட்ட தேடுதள அமைப்பும் அந்தக் கணக்கோடு சேர்ந்து சேமிக்கப்பட்டிருக்கும். புதிதாக விண்டோஸ் போட்டு, குரோமை நிறுவி, அதே கணக்கில் நுழைந்த சிறிது நேரத்தில் அவை அனைத்தும் மீண்டும் வந்து இறங்கிவிடும். ஆகவே ஃபார்மட் செய்வதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிரவுசரைச் சுத்தம் செய்யும் வேலையை நீங்கள் செய்துதான் ஆக வேண்டும்.

உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். முதலில் மூலையில் வரும் அறிவிப்புகளைப் பார்ப்போம். அவற்றில் ஒன்று தோன்றும்போது உற்றுக் கவனித்தால், செய்திக்கு அருகிலேயே குரோம் அல்லது எட்ஜ் என்ற பிரவுசரின் பெயரும், ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் சிறிய எழுத்தில் இருக்கும். அப்படி இருந்தால் அது வைரஸ் எச்சரிக்கை அன்று; ஏதோ ஒரு தளம், பிரவுசர் வழியாக அறிவிப்பு அனுப்ப உங்கள் வீட்டில் யாரிடமோ அனுமதி வாங்கியிருக்கிறது என்பதே பொருள். ‘நீங்கள் ரோபோ அல்ல என்று உறுதிப்படுத்த அலவ் என்பதை அழுத்துங்கள்’, ‘வீடியோ ஓட அலவ் என்பதை அழுத்துங்கள்’ என்றெல்லாம் கேட்டு இந்த அனுமதியைப் பறிக்கிறார்கள். புதுப்படங்களைத் திருட்டுத்தனமாக ஏற்றும் தளங்களிலும், சேப்பாக்கத்தில் ஆட்டம் நடக்கும் நாள்களில் இலவச நேரலை என்று சுற்றில் வரும் இணைப்புகளிலும் இது வாடிக்கை. ஒருமுறை அனுமதித்துவிட்டால், அந்தத் தளத்தை மூடிய பிறகும் அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கும். கணினியில் மென்பொருள் எதுவும் நுழையாததால், ஆன்டிவைரஸ் கொண்டு எத்தனை முறை அலசினாலும் எதுவும் அகப்படாது.

இதை நிறுத்தச் சில நிமிடங்கள் போதும். குரோமின் மேல் வலது மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்ற வரிசையில் செல்லுங்கள். அங்கே அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். உங்களுக்குத் தெரிந்த மின்னஞ்சல் போன்றவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிளாக் செய்யுங்கள். அதே பக்கத்தில், இனி எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்கக்கூடாது என்ற தேர்வும் உண்டு. பிள்ளைகளும் பயன்படுத்தும் கணினியில் அதைத் தேர்ந்தெடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. எட்ஜ் பிரவுசரிலும் தள அனுமதிகளுக்கு இதே போன்ற பகுதி இருக்கிறது. அதையும் மறக்காமல் பாருங்கள்.

இந்த அறிவிப்புகளை அழுத்தினால் சில நேரங்களில் முழுத்திரையையும் அடைத்துக்கொண்டு, மைக்ரோசாஃப்ட் பெயரில் ஒரு தொலைபேசி எண்ணோடு எச்சரிக்கை தோன்றும். அந்த எண்ணுக்கு வீட்டில் யாரும், குறிப்பாகத் தனியாக இருக்கும் பெரியவர்கள், அழைத்துவிடக்கூடாது. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறாது. அழைத்தவரிடம் தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியை நிறுவச் சொல்லி, வங்கிக் கணக்கைத் திறக்க வைத்துப் பணத்தைப் பறிப்பதே அவர்களின் முறை. ஏற்கெனவே யாரேனும் அழைத்துப் பணம் போயிருந்தால், கணினியின் இணையத் தொடர்பை உடனே துண்டித்துவிட்டு, 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் வங்கிக்கும் தாமதமின்றித் தெரிவியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் நிறுத்திவைக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

இரண்டாவது சிக்கலான தேடுதள மாற்றம், உண்மையாகவே மென்பொருள் புகுந்ததன் அடையாளம். விண்டோஸின் செட்டிங்ஸில் ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்ற பகுதிக்குச் சென்று, பட்டியலை நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். உங்கள் மகன் அந்த பிடிஎஃப் மென்பொருளை நிறுவிய அதே நாளில், நீங்கள் கேள்விப்படாத வேறு சில பெயர்களும் அதனருகே நிற்கக் காண்பீர்கள். பிரவுசர் என்றோ, கணினியை வேகமாக்கும் கருவி என்றோ, கூப்பன் தேடித்தரும் உதவியாளர் என்றோ அவை தம்மைச் சொல்லிக்கொள்ளும். அந்த பிடிஎஃப் மென்பொருளோடு அவற்றையும் நீக்குங்கள். நீக்கும்போது ‘நிச்சயமாகவா? சலுகை தருகிறோம், வைத்துக்கொள்ளுங்கள்’ என்று குழப்பும் திரைகள் வரலாம். பொத்தான்களில் எழுதியிருப்பதை நிதானமாகப் படித்து அழுத்துங்கள்.

மென்பொருளை நீக்கிய பிறகு கணினியை ஒருமுறை அணைத்துத் திறந்து, பிரவுசருக்கு வாருங்கள். இந்த வரிசை முக்கியம். எக்ஸ்டென்ஷனை முதலில் நீக்கினால், பின்னணியில் இயங்கும் மென்பொருள் அதை மீண்டும் கொண்டுவந்து வைத்துவிடும். குரோமின் எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தில் நீங்கள் தெரிந்து சேர்க்காத எதையும் நீக்குங்கள். பிறகு செட்டிங்ஸில் உள்ள ரீசெட் பகுதியின் மூலம் அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள். புக்மார்க்குகளும் சேமித்த கடவுச்சொற்களும் இதனால் அழியா. டெஸ்க்டாப்பிலுள்ள குரோம் ஐகானை வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸில் டார்கெட் என்ற கட்டத்தையும் பாருங்கள். நிரலின் பெயருக்குப் பின்னால் ஏதேனும் இணையதள முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த ஐகானை அழித்துப் புதிதாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

சில எக்ஸ்டென்ஷன்களுக்கு நீக்கும் பொத்தானே இயங்காது. அப்போது குரோமின் மூன்று புள்ளிப் பட்டியலில், இந்த பிரவுசரை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற பொருள்படும் வரி ஒன்று ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அலுவலகங்கள் தங்கள் ஊழியர்களின் கணினிகளைக் கட்டுப்படுத்துவதற்காக குரோமில் வைக்கப்பட்டுள்ள பாலிசி என்ற வசதியைத்தான் ஆட்வேர் இங்கே தவறாகப் பயன்படுத்துகிறது. சில ஆன்டிவைரஸ் மென்பொருள்களும் பாலிசி அமைப்பதுண்டு என்பதால், அந்த வரி இருந்தாலே ஆபத்து என்று கொள்ள வேண்டாம். முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் ‘குரோம்://பாலிசி’ என்று தட்டினால், என்னென்ன கட்டளைகள் விதிக்கப்பட்டுள்ளன என்பது தெரியும். விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து அவற்றைக் கையால் அழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குக் கீழே சொல்லும் கருவி இருக்கிறது.

அடுத்தது அலசல். இதற்குப் புதிய ஆன்டிவைரஸ் வாங்கத் தேவையில்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுப் பயன்பாட்டுக்குப் போதுமானது. ஆனால் அதில் ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல் பகுதிக்குள், தேவையற்ற செயலிகளைத் தடுக்கும் அமைப்பு முழுமையாக இயக்கப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். ஆட்வேர் பெரும்பாலும் சட்டப்படியான மென்பொருள் போல, நாம் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளோடு வருவதால், அதை வைரஸ் என்ற வகையில் சேர்க்காமல் தேவையற்ற செயலி என்ற தனி வகையில் வைத்திருக்கிறார்கள். அந்த அமைப்பு அணைந்திருந்தால் டிஃபெண்டர் கண்டும் காணாமல் விட்டுவிடும். அதை இயக்கிவிட்டு முழு அலசல் செய்யுங்கள். அதன் பின் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர் என்ற இலவசக் கருவியை ஓட்டுங்கள். நிறுவ வேண்டியதில்லை, இறக்கி நேரடியாக இயக்கலாம். மேலே சொன்ன குரோம் பாலிசிகளை மீட்டமைக்கும் தேர்வும் அதன் அமைப்புகளில் உண்டு. ஆனால் அதை மால்வேர்பைட்ஸின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள், ஏனெனில் ஆட்வேரை அகற்றும் கருவி என்ற பெயரிலேயே ஆட்வேர் விற்பவர்கள் ஏராளம். குரோமிலேயே சுத்தம் செய்யும் கருவி இருப்பதாகச் சில பழைய வீடியோக்கள் காட்டும். கூகுள் அதை 2023இல் எடுத்துவிட்டது, அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

‘விளம்பரம்தானே, வந்துவிட்டுப் போகட்டும்’ என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக்கூடாது. 2014இல் லெனோவோ தன் சில மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளை முன்கூட்டியே நிறுவி விற்றது. பாதுகாப்பான தளங்களுக்குள்ளும் விளம்பரம் செருகுவதற்காக, ஒரு தளம் உண்மையானதுதான் என்று பிரவுசர் நம்புவதற்கான சான்றிதழ் ஒன்றை அது கணினியில் தனக்கெனப் பதித்துக்கொண்டது. அதன் விளைவாக, பிறரும் வங்கித் தளம் போல நடித்து அந்தக் கணினியை ஏமாற்ற முடியும் என்பது 2015 பிப்ரவரியில் வெளியானது. நோக்கம் விளம்பரம் மட்டுமே என்றாலும், உடைந்தது கணினியின் பாதுகாப்பு முழுவதும். உங்கள் நிலையிலும் இதை நினைத்துப் பாருங்கள்: மின்கட்டணம் கட்டும் தளத்தைத் தேடும்போது, எந்த முகவரியை முதலில் காட்டுவது என்பதை இப்போது தீர்மானிப்பது அந்தப் பெயர் தெரியாத தேடுதளம். சுத்தம் செய்து முடிக்கும்வரை அந்தக் கணினியில் பணப் பரிமாற்றம் செய்யாதீர்கள். முடித்த பின், மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள்.

இனி, தடுக்கும் வழி. இலவச மென்பொருளின் இன்ஸ்டாலரில் வேறு மென்பொருளையும் சேர்த்துக் கட்டினால், ஒவ்வொரு நிறுவலுக்கும் சேர்த்தவருக்குப் பணம் கிடைக்கிறது. ஆட்வேர் பரவுவதற்கு முதன்மையான காரணம் இதுதான். ஆகவே ஒரு மென்பொருளை அதை உருவாக்கியவரின் தளத்திலிருந்தோ மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்தோ அல்லாமல், டவுன்லோடு தளங்களிலிருந்து இறக்கவே கூடாது. தேடல் முடிவுகளில் ஸ்பான்சர்டு என்ற குறிப்போடு மேலே நிற்கும் இணைப்புகளையும் இதற்காக அழுத்தக்கூடாது, போலித் தளங்கள் காசு கொடுத்து அந்த இடத்தைப் பிடிப்பதுண்டு. நிறுவும்போது எக்ஸ்பிரஸ் என்ற தேர்வை விட்டு, கஸ்டம் அல்லது அட்வான்ஸ்டு என்பதைத் தேர்ந்தெடுத்தால், கூடவே வரும் சரக்குகளின் டிக் குறிகள் கண்ணில் படும், அவற்றை எடுத்துவிடலாம். உரிமம் இல்லாமல் இயங்கும்படி கிராக் செய்யப்பட்ட மென்பொருளைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை: ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவச் சொல்லும் எதையும் தொடாதீர்கள்.

பல நேரங்களில் அந்த மென்பொருளே தேவைப்படாது. உங்கள் மகனின் பிடிஎஃப் கோப்பை வேர்டிலேயே நேரடியாகத் திறந்து திருத்தலாம். வேர்டு 2013 முதல் அந்த வசதி இருக்கிறது. தமிழ்த் தட்டச்சுக்காக மென்பொருள் தேடி ஆட்வேரோடு திரும்புபவர்களும் நம்மிடையே உண்டு. விண்டோஸ் 11இல் தமிழ் 99, அஞ்சல் ஆகிய இரு விசைப்பலகைகளும் உள்ளேயே இருக்கின்றன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும்.

மகனுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையில்லாத தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கிக் கொடுங்கள். எக்ஸ்டென்ஷன்களையும், பயனரின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே குடியேறும் சில மென்பொருள்களையும் இது தடுக்காது. ஆனால் சேதம் அவன் கணக்கோடு பெரும்பாலும் நின்றுவிடும். விளம்பரத் தடுப்பானும் அவசியம் என்றே நான் கருதுகிறேன். ஃபயர்ஃபாக்ஸில் யுபிளாக் ஆரிஜின் முழுமையாக இயங்குகிறது. குரோமில் அதன் லைட் பதிப்பைப் பயன்படுத்தலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் நீக்கியவை தாமாகத் திரும்பி வந்தால், அல்லது டிஃபெண்டரையே இயக்க முடியாமல் போனால், அப்போது விண்டோஸை மீண்டும் நிறுவுவதே சரி. அதற்கும் ரிச்சி தெரு வரை தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி பகுதியிலுள்ள ரீசெட் பிசி வசதியைப் பயன்படுத்துங்கள். உங்கள் மடிக்கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் அந்த இயந்திரத்தோடே பிணைக்கப்பட்டிருப்பதால் புதிய உரிமம் வாங்க வேண்டாம். கடையில்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அதே உரிமத்தைக் கொண்டே நிறுவும்படியும், உரிமம் இருப்பது போல விண்டோஸை ஏமாற்றும் ஆக்டிவேட்டர் எதையும் போடக்கூடாது என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புதிய குரோமில் சிங்க் வசதியை இயக்கும் முன், எக்ஸ்டென்ஷன்ஸ், செட்டிங்ஸ் ஆகிய இரண்டையும் அதன் பட்டியலிலிருந்து விலக்கிவிட்டு, புக்மார்க்குகளையும் கடவுச்சொற்களையும் மட்டும் கொண்டுவாருங்கள்.