மெய்நிகர் கணினியில் இணையம் வரவில்லையா? முதலில் முகவரியைப் பாருங்கள்

கேள்வி: என் மடிக்கணினியில் விண்டோஸ் இருக்கிறது. அதில், ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்கும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ் வழியாக உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) நிறுவியுள்ளேன். தருமபுரியில் கல்லூரி ஆய்வகத்தில் கேபிள் செருகி, 'பிரிட்ஜ்ட்' என்று அமைத்தபோது உபுண்டுவில் இணையம் வந்தது. பாலக்கோட்டில் வீட்டில் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் விண்டோஸில் மட்டுமே வருகிறது. உபுண்டுவை மீண்டும் நிறுவ வேண்டுமா? – கல்லூரி மாணவி, பாலக்கோடு

பதில்: வேண்டாம். உங்கள் உபுண்டுவில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. ஆய்வகத்துக்குப் பொருந்திய அமைப்பு வீட்டுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். பிரிட்ஜ்ட் முறையில் மெய்நிகர் கணினி, அதாவது விர்ச்சுவல்பாக்ஸுக்குள் இயங்கும் உங்கள் உபுண்டு, நீங்கள் தேர்ந்தெடுத்த ஒரே நெட்வொர்க் கார்டைச் சார்ந்து, தனிக் கணினியைப் போல நேரடியாக வெளி வலையமைப்பில் சேர முயல்கிறது. ஆய்வகத்தில் தேர்ந்தெடுத்தது கேபிள் செருகும் கார்டு என்றால், வீட்டில் அதில் கேபிளே இல்லை. அதை வைஃபை கார்டுக்கு மாற்றினாலும் உறுதியில்லை. ஒரே வைஃபை இணைப்பின் பின்னால் இரண்டாவது கணினி ஒன்று ஐபி முகவரி (வலையமைப்பில் கணினியை அடையாளம் காட்டும் எண்) கேட்பதைப் பல வைஃபை கருவிகள் சரியாகக் கையாளுவதில்லை.

ஆகவே மெய்நிகர் கணினியை நிறுத்திவிட்டு, அதன் நெட்வொர்க் அமைப்பில் 'நாட்' முறையைத் தேர்ந்தெடுங்கள். 'கேபிள் கனெக்டெட்' என்ற கட்டத்தில் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். நாட் முறையில் உபுண்டுவின் இணையப் போக்குவரத்து விண்டோஸின் இணைப்பு வழியாகவே வெளியே செல்வதால், ஹாட்ஸ்பாட்டுக்கு அப்படி ஒரு கணினி இருப்பதே தெரியாது. வீட்டுக்கும் விடுதிக்கும் மடிக்கணினியைச் சுமக்கும் மாணவர்களுக்கு இதையே நான் பரிந்துரைப்பேன்.

பிறகு உபுண்டுவின் நெட்வொர்க் பக்கத்தில் முகவரியைப் பாருங்கள். வழக்கமாக அது 10.0.2.15 என்றும், வெளியே செல்லும் வழியான நுழைவாயில் (கேட்வே) 10.0.2.2 என்றும் இருக்கும். முகவரியே இல்லையென்றால், அல்லது கல்லூரியின் முகவரி அப்படியே நிற்கிறது என்றால், ஆய்வகத்தில் யாரேனும் நிலையான முகவரி எழுதி வைத்திருக்கலாம். அதைத் தானியங்கிக்கு மாற்றுங்கள். முகவரி சரியாக இருந்தும் உலாவி திறக்கவில்லை என்றால், கூகுள் சேவையகத்தின் முகவரியான 8.8.8.8 என்ற எண்ணுக்குப் பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்து பாருங்கள். பதில் வந்தும் தளங்கள் திறக்கவில்லை என்றால், இணைப்பு இருக்கிறது, தளத்தின் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்தான் பெரும்பாலும் தடைபட்டிருக்கும். இதைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். விர்ச்சுவல்பாக்ஸ், மெய்நிகர் கணினி தொடங்கும்போது விண்டோஸில் உள்ள டிஎன்எஸ் முகவரிகளையே உபுண்டுவுக்குக் கொடுக்கிறது. மெய்நிகர் கணினியை அணைக்காமல் நிலையைச் சேமித்து மூடி, வீட்டில் வேறு இணைப்பில் திறந்தால், கல்லூரியின் பழைய டிஎன்எஸ் முகவரியே உள்ளே தங்கிவிடக்கூடும். உபுண்டுவில் நெட்வொர்க்கை ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்கினால் புதிய முகவரி வந்துவிடும்.

நாட் முறையில் ஒரு குறை உண்டு: விண்டோஸிலிருந்து உபுண்டுவுக்குள் நேரடியாக நுழைய முடியாது. எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து கட்டளை வழியாக உள்நுழையும் முறை) தேவைப்பட்டால், ஒரு போர்ட்டுக்கு (இணைப்பு எண்ணுக்கு) வருவதை இன்னொன்றுக்கு அனுப்பும் போர்ட் ஃபார்வேர்டிங்கில் விண்டோஸின் 2222 போர்ட்டை உபுண்டுவின் 22 போர்ட்டுடன் இணைத்துவிடுங்கள். அதற்காகப் பிரிட்ஜ்ட் முறைக்குத் திரும்ப வேண்டியதில்லை.