ஐரோப்பியப் பயணத்துக்கு ஒதுக்கிய 3 லட்சம் ரூபாயை எப்படிப் பிரித்து எடுத்துச் செல்வது?

கேள்வி: நானும் என் மனைவியும் வரும் மே மாதம் பாரிஸ், சுவிட்சர்லாந்தின் இண்டர்லாக்கன், மிலன், ரோம் என்று 15 நாள் பயணம் செல்கிறோம். விமானச் சீட்டுக்கும் பெரும்பாலான விடுதிகளுக்கும் பணம் கட்டியாகிவிட்டது. ரோம் விடுதிக்கு மட்டும் அங்கே போய்த்தான் கட்ட வேண்டும். அதற்கும், சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து, நுழைவுச் சீட்டு போன்றவற்றுக்கும் 3 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். கடன் அட்டை ஒன்றே போதும் என்கிறான் மகன். முழுவதையும் யூரோ நோட்டுகளாக வாங்கிக்கொள்ளச் சொல்கிறார் என் தம்பி. வங்கியிலோ, வெளிநாட்டு நாணயத்தை ஏற்றி எடுத்துச் செல்லும் ஃபோரெக்ஸ் அட்டை வாங்கச் சொல்கிறார்கள். இவை போக, ஓய்வூதியம் வரும் கணக்கின் டெபிட் அட்டையும் என்னிடம் இருக்கிறது. எதை எடுத்துச் செல்வது? (வாசகர், கோவை, வயது 64)

பதில்: கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் குறிப்பிட்ட டெபிட் அட்டையிலிருந்தே தொடங்குகிறேன். அதை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். உள்நாட்டில் இணையவழியாகப் பணம் கட்டும்போது ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு கேட்பது நம் ரிசர்வ் வங்கி விதித்த கட்டாயம். வெளிநாட்டு இணையதளங்களை அது கட்டுப்படுத்தாது என்பதால், அட்டையின் எண்ணும் பின்புறத்து மூன்று இலக்கங்களும் யாரிடமாவது சிக்கினால், ஓடிபி இல்லாமலேயே பணம் போய்விட வாய்ப்புண்டு. சேமிப்பு மொத்தமும் இருக்கிற கணக்கின் சாவியைக் கூட்ட நெரிசலான ரோம் ரயில் நிலையத்தில் பையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. 2020ஆம் ஆண்டு முதல் அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறக்கவும் மூடவும் வசதி இருப்பதால், இந்த அட்டையில் அது மூடப்பட்டிருக்கிறதா என்று வங்கிச் செயலியில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

அடுத்து, மகன் சொல்லும் கடன் அட்டை. கணக்குக்கு எளிதாக ஒரு யூரோவின் சந்தை விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு நாணயத்தில் செலவழித்தால் நம் ஊர்க் கடன் அட்டைகளில் பல, நாணய மாற்றத்துக்கு என்று 3.5 விழுக்காடு மார்க்-அப் கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் வசூலிக்கின்றன; இரண்டும் சேர்ந்து 4.13 விழுக்காடு. உங்கள் 3 லட்சத்தையும் அதிலேயே செலவழித்தால் 12,390 ரூபாய் கட்டணமாகவே போய்விடும். மார்க்-அப் 2 விழுக்காடாகவோ அதற்கும் குறைவாகவோ உள்ள அட்டைகளும் இருக்கின்றன என்பதால், மகன் சொல்லும் அட்டை எந்த வகை என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. எந்த வகையாக இருந்தாலும் கடன் அட்டையை ஏடிஎம்மில் மட்டும் செருகாதீர்கள். பணம் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும்.

ஆனால் கடன் அட்டையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ரோம் விடுதியில் அறை கொடுக்கும்போது ஒரு தொகையை முன்பிணையாக அட்டையில் முடக்கி வைப்பார்கள். அதை ஃபோரெக்ஸ் அட்டையில் முடக்கினால் உங்கள் சொந்தப் பணமே அடைபடும். அறையைக் காலி செய்த பிறகும் அது விடுபடச் சில நாட்கள், சில வேளை வாரங்கள்கூட ஆகும். கடன் அட்டையில் முடங்குவது வங்கி தரும் கடன் வரம்புதான். எனவே பிணைக்குக் கடன் அட்டையைக் கொடுங்கள், புறப்படும் நாளில் இறுதிப் பில்லை ஃபோரெக்ஸ் அட்டையில் தீருங்கள். மற்றபடி அவசரத்துக்கு மட்டுமே கடன் அட்டை வெளியே வரட்டும்.

உங்கள் செலவின் பெரும்பகுதியைச் சுமக்க வேண்டியது ஃபோரெக்ஸ் அட்டை. இது முன்கூட்டியே பணம் ஏற்றிய அட்டை. ஏற்றிய நாளின் விலையே கடைசிவரை நிற்கும். தொலைந்தாலும் அதில் இருக்கும் தொகைக்கு மேல் ஆபத்தில்லை. ஒரு காலத்தில் பயணக் காசோலைகள் செய்த வேலையை இப்போது செய்வது இதுதான். ஆனால் இதை வாங்கும் இடத்தில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். ‘கட்டணமே கிடையாது’ என்று விளம்பரம் செய்பவர் ஒரு யூரோவை விற்கும் விலையை 101 ரூபாய் 50 காசு என்று வைத்திருந்தால், நீங்கள் மாற்ற நான் கீழே சொல்லும் 2,40,000 ரூபாய்க்கு உங்களுக்குச் சுமார் 35 யூரோ குறைவாகவே கிடைக்கும். ஆகவே கட்டணம் எவ்வளவு, விலை எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்காமல், ‘எல்லாம் சேர்த்து இத்தனை ரூபாய் கட்டினால் என் அட்டையில் எத்தனை யூரோ ஏறும்?’ என்று ஒரே கேள்வியை உங்கள் வங்கியிடமும், ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற இரண்டு பணமாற்று நிறுவனங்களிடமும், ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில் கேளுங்கள். நாணய மாற்றத்துக்கான ஜிஎஸ்டி இந்தத் தொகைக்குச் சில நூறு ரூபாய்தான். விமான நிலையக் கவுண்டரில் கடைசி நேரத்தில் வாங்குவோர் இழப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை.

உங்கள் பயணத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரான்சிலும் இத்தாலியிலும் யூரோ, இண்டர்லாக்கனிலோ சுவிஸ் ஃபிராங்க். அட்டையில் யூரோ மட்டும் இருக்க, நீங்கள் ஃபிராங்கில் செலவழித்தால், பல அட்டைகள் நாணயம் கடக்கும் கட்டணமாக 2 முதல் 3.5 விழுக்காடு வரை எடுத்துக்கொள்கின்றன. எனவே ஒரே அட்டையில் இரண்டையும் தனித்தனியாக ஏற்றச் சொல்லுங்கள். சுவிட்சர்லாந்தில் பயணிகள் வரும் கடைகளில் யூரோ நோட்டையும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் விலை கடைக்காரர் வைத்தது, மீதிச் சில்லறை ஃபிராங்கில் வரும். உறவினர் யாராவது பழைய பயணத்தில் மிஞ்சிய ஃபிராங்க் நோட்டுகளைக் கொடுத்தால் பார்த்து வாங்குங்கள். முந்தைய வரிசை நோட்டுகள் 2021 ஏப்ரல் மாதத்தோடு செல்லுபடியாவது நின்றுவிட்டன. சுவிஸ் தேசிய வங்கி மட்டுமே அவற்றை மாற்றித் தரும்.

தம்பி சொல்வதுபோல் முழுவதையும் நோட்டாக வாங்கச் சட்டம் தடுக்கவில்லை. ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை நோட்டாக வாங்கலாம், நீங்களோ இருவர். ஆனால் பாரிஸ் மெட்ரோவிலும் ரோம் பேருந்துகளிலும் ஜேப்படித் திருட்டுக்கு நோட்டுதான் முதல் இரை, போன நோட்டு திரும்பாது. இருந்தாலும் கொஞ்சம் ரொக்கம் தேவைப்படும். இத்தாலிய நகரங்களில் விடுதிக் கட்டணத்துக்கு மேல், ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி உண்டு; அதை ரொக்கமாகக் கேட்கும் விடுதிகள் இன்றும் இருக்கின்றன. ரயில் நிலையக் கழிப்பறைகளுக்கு நாணயம் வைத்திருப்பதும் நல்லது. வாங்கும்போது 10, 20, 50 யூரோ நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். 500 யூரோ நோட்டு அச்சிட்டு வெளியிடுவது 2019இலேயே நின்றுபோனது. 200 யூரோ நோட்டையும் சிறு கடைகளில் வாங்க மறுப்பார்கள்.

இந்தக் கணக்கை வைத்து என் யோசனை இதுதான். ரொக்கமாக 400 யூரோவும் 150 ஃபிராங்கும். அட்டையில் 1,300 யூரோவும் 500 ஃபிராங்கும். இதற்கு ஏறக்குறைய 2,40,000 ரூபாய் ஆகும். மீதி 60,000 ரூபாயை இங்கேயே கணக்கில் விட்டுவையுங்கள். அட்டையில் குறைந்தால் இணைய வங்கி வழியாக அங்கிருந்தே ஏற்றிக்கொள்ளலாம். ஞாயிறு, வங்கி விடுமுறை நாட்களில் அது நடக்காமல் போகலாம் என்பதால் வெள்ளிக்கிழமையே இருப்பைப் பாருங்கள். வாங்கும்போது பாஸ்போர்ட், பான் அட்டை, விசா, பயணச்சீட்டு ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகக் கட்ட முடியாது, கணக்கிலிருந்துதான் கட்ட வேண்டும். 2025 ஏப்ரல் முதல் நிதியாண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் இத்தகைய பயணச் செலவுக்கு டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரியைப் பிடிப்பார்கள் என்பதால், அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. ‘இங்கே ரூபாயைக் கொடுங்கள், அங்கே நம் ஆள் யூரோ தருவார்’ என்று யாராவது முன்வந்தால் ஒதுங்கிவிடுங்கள். எவ்வளவு நெருங்கியவர் சொன்னாலும் அது அந்நியச் செலாவணிச் சட்டத்தை மீறுவதாகும்.

மனைவிக்கும் தனியாக ஒரு ஃபோரெக்ஸ் அட்டை வாங்குங்கள். இது சம்பிரதாயத்துக்காகச் சொல்வதல்ல. மிலன், ரோம் மெட்ரோக்களில் தொடுதல் வசதியுள்ள வங்கி அட்டையைக் கதவில் தொட்டே உள்ளே போகலாம், ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒருவர் பை தொலைந்தாலும் இன்னொருவரிடம் சாப்பாட்டுக்கும் திரும்பும் வழிக்கும் பணம் இருக்கும். தொகையையும் ரொக்கத்தையும் இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துவிடுங்கள்.

இனி, திரையைப் பார்க்கும் கணம். கடையின் இயந்திரமோ ஏடிஎம்மோ இந்திய அட்டை என்று கண்டுகொண்டால், ‘ரூபாயில் கட்டுகிறீர்களா, யூரோவிலா?’ என்று கேட்கும். ரூபாய்த் தொகை கண்ணுக்குப் பழகியதாகத் தெரியும், விரல் தானாக அங்கே போகும். போகக் கூடாது. அந்த மாற்று விலையை வைப்பது கடைக்காரரின் தரப்பு. கூடுதல் சுமை உங்கள் தலையில்தான் விழும். ஃபோரெக்ஸ் அட்டையில் இது இன்னும் விபரீதம். நீங்கள் ஏற்கெனவே ரூபாயை யூரோவாக்கி ஏற்றியிருக்கிறீர்கள். கடை அதை ரூபாயாக்கும். அட்டை மறுபடி யூரோவில் கழிக்கும். ஒரு காப்பிக்கு இருமுறை நாணயமாற்றம்! எப்போதும் அந்த நாட்டு நாணயத்தையே அழுத்துங்கள். பணம் எடுக்க வேண்டியிருந்தால் சுற்றுலா இடங்களில் தனியாக நிற்கும் இயந்திரங்களைத் தவிர்த்து, வங்கிக் கட்டடத்தோடு இணைந்த ஏடிஎம்மில், பலமுறை சிறிது சிறிதாக எடுக்காமல் ஒருமுறை எடுங்கள். ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் உண்டு.

ஈஃபிள் கோபுரத்தில் 2024 முதல் யுபிஐ வழியாக நுழைவுச் சீட்டு வாங்க முடிகிறது என்பதைப் படித்திருப்பீர்கள். அதை நம்பி மற்ற ஏற்பாடுகளைக் குறைக்காதீர்கள். தெருமுனை ரொட்டிக் கடையில் அது செல்லாது.

புறப்படும் முன் உங்கள் இந்தியச் சிம்மில் ரோமிங்கில் குறுஞ்செய்தி பெறும் வசதியைத் திறந்துவிடுங்கள். அட்டைக்குப் பணம் ஏற்றவும், சில சீட்டுகளை இணையத்தில் வாங்கவும் ஓடிபி அதில்தான் வரும். அட்டையை முடக்க அழைக்கும் எண்ணைக் காகிதத்தில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். 1800 என்று தொடங்கும் இலவச எண்கள் வெளிநாட்டிலிருந்து கிடைக்காமல் போகக்கூடும் என்பதால், +91 என்று தொடங்கும் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். திரும்பி வந்ததும் விமான நிலைய டாக்சிக்கு என்று சில ஆயிரம் இந்திய ரூபாயையும் கையில் வைத்திருக்கலாம். 25,000 வரை எடுத்துச் செல்ல அனுமதி உண்டு.

மிஞ்சும் பணத்தில் 2,000 டாலர் மதிப்பு வரையிலான நோட்டுகளை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேற்பட்டதை 180 நாட்களுக்குள் மாற்றிவிட வேண்டும். அட்டையில் மிஞ்சியதையும் ரூபாயாக்கிக்கொள்ளுங்கள், பயன்படுத்தாத அட்டைக்குக் கட்டணம் பிடிக்கும் நிறுவனங்கள் உண்டு. நாணயங்களை மட்டும் இங்கே பெரும்பாலும் யாரும் திரும்ப வாங்கமாட்டார்கள். ஃபிராங்கு நாணயங்களை இண்டர்லாக்கன் ரயில் நிலையத்திலேயே சாக்லேட்டாக மாற்றிவிட்டு மிலன் ரயிலில் ஏறுங்கள்.