மங்குஸ்தானும் சர்க்கரையும் சேர்ந்தால் விஷமா?

கேள்வி: மங்குஸ்தான் தின்ற கையோடு என் மகன் சர்க்கரை போட்ட டீயைக் குடித்துவிட்டான். இரண்டும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்று பக்கத்து வீட்டுப் பர்மியப் பெரியம்மா பதறிவிட்டார். என் மாமியாரோ, மீன் சமைத்த அன்று தயிரைத் தொடவிடுவதில்லை, வெண்புள்ளி வருமாம். எதை நம்புவது?
வாசகி, மோல்மீன், மியான்மர்

பதில்: பையனுக்கு ஒன்றும் ஆகாது சகோதரி. மங்குஸ்தான் சதை இனிப்பதே அதில் சர்க்கரை இருப்பதால்தான். மேலே இரண்டு ஸ்பூன் சேர்ந்தால் அது விஷமாகாது.

சேரக்கூடாத உணவுகளை ஜோடி ஜோடியாகப் படம் போட்ட அட்டவணைகள் இங்கே பல வீடுகளில் தொங்கும். புறாக்கறியும் பூசணிக்காயும் அதில் ஒரு ஜோடி. அதற்கும் மருத்துவ ஆதாரம் இல்லை.

மாமியார் சொல்லும் மீன், தயிர் விஷயத்துக்கு வருவோம். வெண்புள்ளி என்பது, தோலுக்கு நிறம் தரும் செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கி அழிப்பதால் வருவது. சாப்பாட்டுச் சேர்க்கையால் வருவதில்லை. வங்காளிகள் மீனைத் தயிரிலேயே குழம்பு வைக்கிறார்கள்.

ஆனால் மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்து, உடம்பு அரித்துத் தலைவலிப்பது உண்மையிலேயே நடக்கிறது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைக் குளிரில் வைக்காவிட்டால் பாக்டீரியா பெருகி ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும். அன்றைக்கு இலையில் தயிரும் இருந்தால் பழி அதன்மேல் விழும். கரன்ட் போய்ப் போய் வரும் ஊரில் நீங்கள் பயப்பட வேண்டியது ஃபிரிட்ஜில் கிடக்கும் பழைய மீனுக்குத்தான்.

அதற்காக எல்லாச் சேர்க்கையும் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. டுரியன் பழத்தோடு மது கூடாது என்பார்கள் அல்லவா? மதுவை உடல் முறிக்கத் தேவையான ஒரு நொதியின் வேலையை டுரியன் சாறு 70% வரை குறைத்ததை ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் கண்டார்கள். சோதனைக் குழாயில்தான், மனிதர்களிடம் அல்ல. ஆனாலும் இந்த ஒன்றில் நான் பெரியவர்கள் பக்கம்.

நிஜமான மோதல் பழத்துக்கும் மாத்திரைக்கும் இடையில். இதை எந்த அட்டவணையிலும் நான் பார்த்ததில்லை. கிரேப்ஃப்ரூட் (திராட்சை அல்ல, ஆரஞ்சு வகைப் பழம்) சாறு குடித்தவர்களின் ரத்தத்தில் ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்து அளவுக்கு மீறி ஏறியதை 1989இல் கனடாவில் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தார்கள்; அது மதுவைப் பற்றிய ஆய்வு, வாசனையை மறைக்கச் சாற்றைக் கலந்திருந்தார்கள். நம்மூர்ச் சந்தையில் குவிந்து கிடக்கும் பம்பளிமாஸும் அதே குடும்பம், அதே வகைப் பொருள்கள் அதிலும் உண்டு. வீட்டில் யாராவது ஃபெலோடிபினோ, கொழுப்புக்குச் சிம்வாஸ்டாடினோ எடுத்தால், டாக்டரிடம் கேட்காமல் இந்த இரண்டு பழமும் வேண்டாம். அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்துக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

அப்புறம் டீ. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கினால் பெரும்பகுதி வீணாகும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

எதைச் சாப்பிட்டாலும் சரி, உதடு வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ அது ஒவ்வாமையாக இருக்கலாம். கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.