மானியப் பணம் எங்கே நிற்கிறது? விவசாயிகள், மீனவர்கள் கேள்விகளுக்குப் பதில்

பி.எம். கிசான் பணம் இரண்டு தவணையாக வரவில்லை. வங்கியில் கேட்டால் ஆதார் இணைத்தாகிவிட்டது என்கிறார்கள். என்ன செய்வது ஐயா?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கணக்கோடு ஆதாரைச் சேர்ப்பது வேறு; அரசுப் பணம் அந்தக் கணக்குக்குத்தான் வரவேண்டும் என்று என்பிசிஐ (வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய நிறுவனம்) பட்டியலில் ஏற்றுவது வேறு. கிசான் தொகை ஆதார் எண்ணைப் பிடித்துப் போகிறது. பட்டியலில் கடைசியாக எந்த வங்கி ஏறியதோ, பணம் அங்கேதான் விழும். நகைக் கடனுக்கோ நூறு நாள் வேலைக்கோ வேறொரு கணக்கு தொடங்கியிருந்தால், முதலில் அந்தப் பாஸ்புக்கைப் பதிந்து பாருங்கள். தவணை அங்கே கிடக்கலாம்.

ஆதார் இணையதளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பக்கத்தில் வங்கியின் பெயரும், இணைப்பு நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரியும். வங்கி மாறியிருந்தால், வேண்டிய கிளையில் 'நேரடி மானியம் பெற ஆதார் சீடிங்' என்று சொல்லிப் படிவம் கொடுங்கள். வெறுமனே "ஆதார் சேருங்கள்" என்றால் கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்போடு முடித்துவிடுவார்கள்.

அடுத்து, கிசான் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். இ-கேஒய்சி, லேண்ட் சீடிங் (நிலப் பதிவு இணைப்பு), ஆதார்–வங்கி இணைப்பு மூன்றுக்கும் 'யெஸ்' இருக்க வேண்டும். லேண்ட் சீடிங் 'நோ' என்றால் வங்கிக்கு நடந்து பயனில்லை; பட்டா, சிட்டா நகலோடு வேளாண் உதவி அலுவலரைப் பாருங்கள்.

அப்பா இறந்துவிட்டார். அவர் பெயரில் வந்த தொகையை அம்மா தொடர்ந்து வாங்கலாமா?

கூடாது. இறப்புக்குப் பின் வந்த தவணைகளைத் திருப்பிக் கேட்பார்கள். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவை மாற்றி, அம்மா பெயரில் புதிதாகப் பதியுங்கள். நிலம் 1.2.2019-க்கு முன்பே பெயரில் இருக்கவேண்டும் என்ற வரம்பு வாரிசாக வந்த நிலத்துக்குப் பொருந்தாது.

குத்தகைக்கு உழுகிறேன். எனக்கு உண்டா?

கிசானில் இல்லை, அது நில உரிமையாளருக்கு மட்டும். உழுபவரை விட்டுவிட்டது இந்தத் திட்டத்தின் பெரிய குறை. பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரருக்கும் இடமுண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் பதிவு) வாங்கி, கடைசித் தேதிக்கு முன் பிரீமியம் கட்டிவிடுங்கள்.

பவர் டில்லரை வாங்கிவிட்டேன். இப்போது மானியத்துக்கு எழுதலாமா அண்ணா?

முடியாது. உழவன் செயலியில் பதிந்து, வேளாண் பொறியியல் துறையின் அனுமதி கைக்கு வந்த பிறகே வாங்க வேண்டும். முந்தைய தேதி போட்ட பில்லை ஏற்கமாட்டார்கள்.

கடலுக்குப் போகும் குடும்பம் எங்களுடையது. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் எவ்வளவு?

குடும்பத்துக்கு 8,000 ரூபாய், முன்பு 5,000. கிழக்குக் கடற்கரையில் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கன்னியாகுமரியின் மேற்குப் பகுதியில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கணக்கு தலைக்கு அல்ல, குடும்பத்துக்கு. மணமாகித் தனியே வாழும் மகன் இன்னும் அப்பாவின் குடும்ப அட்டையிலேயே இருந்தால் ஒரே குடும்பமாகத்தான் எண்ணுவார்கள். தடை தொடங்கும் முன்பே அட்டையைப் பிரித்து, மீன்துறை அலுவலகத்தில் பெயரைச் சேருங்கள்.

மீன் குளம் வெட்ட 9 லட்சம் ஆகும் என்கிறார்கள். 40 சதவீதம் கிடைக்குமா?

செலவில் 40 சதவீதம் அல்ல. மத்திய அரசின் மீன்வளத் திட்டமான மத்ஸ்ய சம்பதாவில் புதிய நன்னீர்க் குளத்துக்கு எக்டேருக்கு 7 லட்சம்தான் அலகுத் தொகை, அதாவது மானியம் கணக்கிட அரசு ஏற்கும் செலவு. பொதுப் பிரிவுக்கு 2.80 லட்சம், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 60 சதவீதம், அதாவது 4.20 லட்சம். இது பின்னேற்பு மானியம். முதலில் கைப்பணத்தில் வெட்ட வேண்டும், ஆய்வு முடிந்துதான் தொகை வரும். அதுவரை வட்டியைத் தாங்க முடியுமா என்று பார்த்துவிட்டு மண்வெட்டி இயந்திரத்தை இறக்குங்கள்.