"உங்கள் விசுவாசம் போதவில்லை" என்றார்கள்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் பினாங்கு ஆயர் ஈத்தாமில் வசிக்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியனாக இருந்த என் தம்பி, இரத்தப் புற்றுநோயோடு எட்டு மாதம் போராடி, சென்ற ஆண்டு தன் 29-ஆவது வயதில் இறந்துவிட்டான். சபையே உபவாசமிருந்து ஜெபித்தது. சுகமாகிவிட்டான் என்று வாயால் அறிக்கை செய்யச் சொன்னார்கள், செய்தோம். அடக்கம் முடிந்த வாரமே மூப்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "இந்தக் குடும்பத்தில் யாருக்கோ விசுவாசம் போதவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். மருத்துவமனையில் ஓர் இரவு, இவன் பிழைக்கமாட்டானோ என்று நான் நினைத்தது உண்மை. அந்த நினைப்புதான் அவனைக் கொன்றதோ என்று இன்றுவரை உறக்கமில்லை.

அம்மா முன்பைவிட உறுதியாகிவிட்டார். பாடுகிறார், எல்லாரிடமும் சாட்சி சொல்கிறார். எனக்கோ ஆராதனையில் வாய் திறக்கவே முடியவில்லை. தம்பியின் எண் காலாவதியாகிவிடக் கூடாது என்று மாதந்தோறும் பத்து வெள்ளி டாப் அப் போட்டு வருகிறேன். "அக்கா, வரும்போது மீ கோரெங் தாப்பாவ் பண்ணிட்டு வா" என்று, வறுத்த நூடுல்ஸ் பொட்டலம் வாங்கிவரச் சொல்லி அவன் அனுப்பிய குரல் பதிவை இரவில் கேட்கிறேன். இது அவிசுவாசம் என்கிறார் அம்மா. சபையார் சொன்ன ஆறுதலைவிட, பக்கத்து வீட்டு இந்து அத்தை மூன்று நாள் என்னோடு உட்கார்ந்து அழுததுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது; அதுவும் தவறா? அடுத்த மாதம் முதலாம் ஆண்டு நினைவு நன்றிக் கூட்டத்தில் நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். நான் எதைச் சொல்வேன்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பினாங்கு

பதில்: அன்புள்ள சகோதரி, உங்களை உறங்கவிடாமல் வைத்திருக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி இரத்தப் புற்றுநோயால் இறந்தார். ஓர் இரவில் களைத்துப்போன அக்காவின் மனத்தில் எழுந்த அச்சத்தால் அவர் இறக்கவில்லை. எட்டு மாதம் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்த ஒருத்திக்கு அந்த அச்சம் வராமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

அந்த மூப்பர் எந்த வசனத்தை மனத்தில் வைத்துப் பேசினார் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. "விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்" என்று யாக்கோபு நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறது. அதற்கு முந்தைய வசனத்தையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும், அவர்கள் எண்ணெய் பூசி அவனுக்காக ஜெபிக்க வேண்டும் என்றுதான் அங்கே சொல்லப்படுகிறது. ஜெபிக்கிறவர்கள் மூப்பர்கள், படுக்கையில் கிடப்பவனின் விசுவாசத்தையோ அவன் அக்காவின் விசுவாசத்தையோ அளந்து பார்க்கும்படி அந்தப் பகுதியில் ஒரு சொல்கூட இல்லை. உங்கள் மூப்பரின் கணக்குப்படியே பார்த்தாலும் குறைவு யாரிடம் என்ற கேள்வி அவரிடமே திரும்பிவிடும். பழியை அவர் தலையில் கட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பழியைச் சுமக்க ஒருவரைத் தேடும் அந்தக் கணக்கே பிழை என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்போஸ்தலர் நடபடிகளின் 12-ஆம் அதிகாரத்தை உங்களைப் போன்ற நிலையில் இருப்பவர்களுக்கு நான் அடிக்கடி காட்டுவதுண்டு. பிரசங்கங்களில் அதன் பிற்பகுதியை மட்டுமே பெரும்பாலும் கேட்கிறோம். ஏரோது யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் வெட்டுகிறான். அதன்பின் பேதுருவைப் பிடித்துச் சிறையில் அடைக்கிறான். சபை ஊக்கத்தோடு ஜெபிக்கிறது, தேவதூதன் வந்து பேதுருவை வெளியே நடத்திக்கொண்டு போகிறான். விடுதலையான பேதுரு, ஜெபம் நடந்துகொண்டிருந்த வீட்டுக்கே வந்து வாசல் கதவைத் தட்டுகிறார். அவர் குரலை அடையாளம் கண்ட ரோதை என்ற வேலைக்காரப் பெண், மகிழ்ச்சியில் கதவைத் திறக்கவும் மறந்து உள்ளே ஓடிச் சொல்ல, பேதுருவுக்காகவே அந்த இரவில் ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள், "நீ பிதற்றுகிறாய்" என்கிறார்கள். பேதுருவோ வெளியே நின்று தட்டிக்கொண்டே இருக்கிறார். கேட்டது கிடைத்து வாசலில் நின்றபோதும் நம்ப முடியாதவர்களின் ஜெபத்துக்குத்தான் அன்று பதில் வந்தது. யாக்கோபுக்காக அவர்கள் ஜெபித்தார்களா என்று வசனம் சொல்லவில்லை. ஆனால் ஆண்டவரோடு மலைமேல் ஏறிய அந்த மனிதர் ஏரோதின் கையில் அகப்பட்டபோது எருசலேம் சபை வாளாவிருந்தது என்று என்னால் எண்ண முடியவில்லை. ஒருவர் இறந்தார், ஒருவர் தப்பினார். ஏன் என்பதற்கு அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா ஒரு விளக்கமும் எழுதவில்லை. யாக்கோபின் வீட்டாருக்கு விசுவாசம் போதவில்லை என்றும் எழுதவில்லை. ஏன் உங்கள் தம்பி பிழைக்கவில்லை என்று என்னைக் கேட்டால், எனக்கும் தெரியாது. தெரிந்ததுபோல் பேசுகிறவர்களிடமிருந்து சற்று விலகியே இருங்கள். "நல்ல பூவைத்தான் கர்த்தர் பறித்துக்கொள்வார்" என்று சாவு வீடுகளில் சொல்லப்படுகிறதே, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பூப்பறிக்கும் தேவனை வேதாகமத்தில் நான் எங்கும் கண்டதில்லை.

வேதாகமம் மரணத்தைப் பற்றிப் பேசும் விதமே வேறு. "பரிகரிக்கப்படுங் கடைசிச் சத்துரு மரணம்" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். சத்துரு என்கிறார், நண்பன் என்றோ ஆசீர்வாதம் என்றோ அவர் சொல்லவில்லை. அப்படியிருக்க, தம்பியின் மரணத்தை உங்களால் ஏற்க முடியவில்லை, அதற்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை என்பது தேவனுக்கு எதிரான மனநிலை ஆகாது. அந்தச் சத்துருவின் விஷயத்தில் நீங்கள் தேவனின் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். கிறிஸ்தவ நம்பிக்கை என்று நாம் சொல்வது, மனம் தேறிவிட்டது என்ற உணர்வைக் குறிப்பதன்று. இயேசு கல்லறையிலிருந்து சரீரத்தோடு எழுந்தார், அவருடையவர்களையும் அவர் எழுப்புவார் என்ற வாக்குறுதியைக் குறிப்பது அது. நீங்கள் பாடுகிற நாளிலும் பாட முடியாத நாளிலும் அந்த வாக்குறுதி ஒரே அளவில்தான் இருக்கும். தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதும்போதும், நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்கிறாரே தவிர, துக்கிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை.

இனி அம்மாவைப் பற்றி. உங்கள் கடிதத்தில் அம்மாமீது ஒரு சிறு கோபம் தெரிகிறது, அது இயல்பே. யோவான் 11-ஆம் அதிகாரத்தில் லாசருவின் சகோதரிகள் இருவரும், ஒருவர் பின் ஒருவராக வந்து, இயேசுவிடம் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." லாசருவின் வியாதியைப் பற்றிய செய்தி கேட்டும் இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்கியவர் இயேசு, ஆகவே அந்தக் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. மார்த்தாளிடம் அவர் உரையாடுகிறார். "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்ற பெரிய வார்த்தை அவளுக்குக் கிடைக்கிறது. அதே சொற்களைச் சொல்லிக் காலில் விழுந்து அழும் மரியாளுக்கு அவர் எந்த உபதேசமும் செய்யவில்லை. கல்லறை எங்கே என்று கேட்டு, அழுகிறார். வார்த்தை தேவைப்பட்டவளுக்கு வார்த்தை, அது தாங்காதவளுக்குக் கண்ணீர். உங்கள் அம்மாவுக்கு இப்போது பாட்டும் சாட்சியும் தேவைப்படுகின்றன. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் நிறுத்தாமல் பாடுவது, நிறுத்தினால் என்ன ஆகுமோ என்ற அச்சத்தாலும் இருக்கலாம். அதை நடிப்பு என்று நீங்கள் எண்ண வேண்டாம்; உங்கள் மௌனத்தை விசுவாசத்திலிருந்து விலகிப்போகும் பின்மாற்றம் என்று அவரும் எண்ண வேண்டாம். இந்தப் பகுதியை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். தோளுக்குத் தோள் நின்று ஜெபித்த அம்மாவும் மகளும், தனித்தனி அறையில் தனித்தனியாகத் துக்கித்துக்கொண்டிருப்பதுதான் உங்கள் வீட்டில் இப்போது நடப்பது என்று எனக்குத் தோன்றுகிறது.

தம்பியின் குரலைக் கேட்பது பாவமா என்கிறீர்கள். இறந்தவர்களிடம் குறி கேட்பதை உபாகமம் தடை செய்கிறது. தம்பி உயிரோடு இருக்கையில் அனுப்பிய ஒரு குரல் பதிவைக் கேட்பதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பத்து வெள்ளி டாப் அப் ஒரு பெரிய செலவும் இல்லை. உங்களுக்கு வேண்டும்வரை போடுங்கள், வேண்டாம் என்று தோன்றும் மாதத்தில் நிறுத்துங்கள், அதற்கு யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கைப்பேசி பழுதானால் எல்லாம் போய்விடும் என்பதால், அந்தப் பதிவுகளை இந்த வாரமே கணினியிலோ பென் டிரைவிலோ ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு நாள் அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். மீ கோரெங் கேட்கும் அந்தக் குரலுக்காக அவரும் ஏங்கிக்கொண்டுதான் இருப்பார்.

அத்தையின் விஷயத்தில் உங்களுக்கு ஐயமே வேண்டாம். யோபுவின் நண்பர்கள் வந்து ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்ததில் மிகச் சிறந்தது அதுதான். வாயைத் திறந்து, உன்னிடம் ஏதோ குற்றம் இருக்கிறது என்று விளக்கத் தொடங்கிய பிறகுதான் கெடுத்தார்கள். முடிவில் தேவன் கோபங்கொண்டது அவர்கள்மேல்தான், புலம்பித் தீர்த்த யோபுவின்மேல் அன்று. "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்பது சபைக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை. உங்கள் வீட்டில் அதை ஓர் இந்துப் பெண்மணி நிறைவேற்றினார் என்றால், அவருக்கு நன்றி சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள். நம் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் ஒப்பாரி கூடாது என்று பெண்களின் வாயை அடைக்கும் வழக்கம் இருக்கிறது. புலம்பல் என்றே ஒரு புத்தகத்தை வேதாகமத்தில் வைத்துக்கொண்டு இதை எப்படிச் செய்கிறோம் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆராதனைக்குப் போவதா வேண்டாமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், போங்கள். பாட வேண்டாம். கடைசி வரிசையில் உட்காருங்கள், விருப்பமிருந்தால் ஆசீர்வாதம் முடிந்ததும் யாரிடமும் பேசாமல் கிளம்பிவிடுங்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவரைக் கண்டோம் என்று மற்ற சீஷர்கள் சொன்னபோது தோமா நம்பவில்லை. அப்படியே எட்டு நாள் கழிகிறது. எட்டாம் நாளிலும் அவர் அவர்களோடு அதே அறையில்தான் இருக்கிறார். நம்பாதவனுக்கு இங்கே இடமில்லை என்று மற்றவர்கள் அவரை விரட்டவில்லை, நம்ப முடியவில்லையே என்று அவரும் விலகிப் போகவில்லை. ஆண்டவர் அவரிடம் வந்தது அந்த அறைக்குத்தான், காயத்தின் தழும்புகளோடு. உங்களால் நம்ப முடியாத வாரங்களில், மற்றவர்கள் உங்களைச் சுற்றி நின்று பாடும் பாட்டு உங்களுக்காகவும் பாடப்படுவதாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சபையில் மூச்சுமுட்டுகிறது என்றால், சில வாரங்கள் வேறொரு தமிழ் ஆராதனைக்குப் போவதிலும் தவறில்லை. பினாங்கில் அதற்குப் பஞ்சமில்லை.

உறக்கமின்மையைப் பற்றி ஒன்று. பதினொரு மாதமாகத் தூக்கம் இல்லை என்றால் அது ஜெபத்தால் மட்டும் தீர்க்க வேண்டிய காரியம் அன்று. சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்த தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவன் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும் உறக்கமும்தான். அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள். மனம் மிகவும் தாழ்ந்துபோனாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தாலோ, சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணை அழைத்துப் பேசத் தயங்காதீர்கள். உடனே ஆபத்து என்று தோன்றினால் 999. மாத்திரை விழுங்குவது விசுவாசக் குறைவு என்று யாரேனும் சொன்னால், தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்ன பவுலிடம் போய் முறையிடச் சொல்லுங்கள்.

கடைசியாக, அடுத்த மாதக் கூட்டம். நீங்கள் சாட்சி சொல்ல வேண்டாம். மனத்தில் இல்லாத வெற்றியை வாயால் சொல்வது உங்களுக்கும் நல்லதன்று, கேட்பவர்களில் உங்களைப்போல் உள்ளுக்குள் உடைந்திருக்கும் ஒருவருக்கும் நல்லதன்று. அதற்குப் பதிலாகச் சங்கீதம் ஒன்றை நானே வாசிக்கிறேன் என்று அம்மாவிடம் கேளுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதம் குறுகியது; அது நம்பிக்கையில் முடிவதால் அம்மாவும் ஒப்புக்கொள்வார். அந்த முடிவைக்கூட வாசிக்க இன்னும் மனம் வரவில்லை என்றால் 88-ஆம் சங்கீதம் இருக்கிறது; அது இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது, ஆனாலும் முதல் வரியிலிருந்து தேவனை நோக்கித்தான் பேசுகிறது. வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுங்கள், விளக்கம் வேண்டாம். தம்பியைப் பற்றி அவருடைய தொழிற்சாலை நண்பர்களில் ஒருவரைப் பேச அழையுங்கள். அவர் வேலையில் எப்படி இருந்தார், எதற்குச் சிரிப்பார் என்பதை உங்கள் வீட்டார் இதுவரை கேட்டிருக்கமாட்டீர்கள். அத்தையையும் அழைத்து முன்வரிசையில் உட்காரவையுங்கள்.

அந்த மூப்பரோடு நீங்கள் வாதாட வேண்டியதில்லை. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே போதகரைத் தனியே சந்தித்து, அடக்கம் முடிந்த வாரத்தில் உங்கள் வீட்டில் என்ன சொல்லப்பட்டது என்பதை அப்படியே சொல்லுங்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால் அம்மாவையோ நம்பிக்கையான ஒருவரையோ அழைத்துச் செல்லுங்கள். அன்று செய்தி கொடுப்பவர் யார் என்பதை அப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள். போதகரும் அதே கணக்கைப் பேசினால், கூட்டத்தைச் சபையார் பொறுப்பில் விடாமல் வீட்டு அளவில் வைத்துக்கொள்ளுங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.