ஊற்றுக் குழியும் தம்பியின் குரலும்

கேள்வி: தனுஷ்கோடி மணலில் குடிசை போட்டிருக்கும் 45 வயது மீனவர். கடலில் இறந்த தம்பியின் குரல் அவருக்குக் கேட்கிறது. 1964 புயலில் போன ரயிலின் சத்தமும் கேட்கிறது. மனைவி உருவத்தில் வேறு யாரோ வந்திருப்பதாக நம்பி, கடைசியில் அவளைக் கொன்றுவிடுகிறார். 1,800 சொற்களில் திகில் கதையாக எழுதினேன். படித்தவர்கள், "பயம் வரல, பாவமாத்தான் இருக்கு" என்கிறார்கள். என் சித்தப்பா ஒருவருக்கு இப்படி இருந்தது, அதனால் விஷயம் தெரிந்துதான் எழுதினேன். எங்கே தவறு? ஏர்வாடியில் சங்கிலியோடு ஒரு காட்சி வைத்தால் பயம் கூடுமா? (கதையை இணைத்திருக்கிறேன்.)
ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்:

உங்கள் கதையின் மூன்றாவது பத்தியில் ஒரு வரி இருக்கிறது: 'அவன் கண்களை உருட்டி ஓவென்று சிரித்தான், தலைமயிரைப் பிய்த்துக்கொண்டான்.' பயம் அந்த இடத்திலேயே போய்விட்டது. அது எதிர்க்குடிசை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பவர் எழுதிய வரி. வேடிக்கை பார்ப்பவருக்குப் பாவம் தோன்றும், பயம் தோன்றாது. பயம் வர வேண்டுமானால் வாசகர் அந்த மனிதரின் கண்ணுக்குப் பின்னால் உட்கார வேண்டும். அங்கிருந்து பார்த்தால் எந்தக் கலக்கமும் தெரியாது. எல்லாம் காரணத்தோடு, ஒழுங்காக நடப்பதாகத்தான் இருக்கும்.

படகில் திசைகாட்டிக்குப் பக்கத்தில் யாராவது ஒரு இரும்புச் சாமானை வைத்துவிட்டால் முள் விலகிவிடும். சுக்கான் பிடிப்பவர் அதன்பிறகு ஒரு தவறும் செய்யமாட்டார். முள் காட்டும் திசையை விடாமல், கவனமாகத்தான் ஓட்டுவார். கவனமாக ஓட்ட ஓட்டக் கரையை விட்டு விலகிப் போவார். கலங்கிய மனத்தை இப்படி எழுதுங்கள். பிசகு ஒன்றே ஒன்று, அதுவும் ஆரம்பத்தில். அதற்குப் பிறகு அவர் போடும் கணக்கு ஒவ்வொன்றும் சரியாக இருக்க வேண்டும்.

அந்தப் பிசகு என்ன என்பதை நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. நோயின் பெயர் கதையில் வரவே வேண்டாம், ஆனால் உங்கள் குறிப்பு நோட்டில் இருந்தே ஆக வேண்டும். ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நடக்கும். கீழே சொல்லும் நான்கையும் நீங்கள் ஒரே ஆள் தலையில் ஏற்றிவிட்டீர்கள்.

இறந்தவர் பேர் சொல்லிக் கூப்பிடுவது போலக் கேட்பது, அவர் பிடித்த பீடி வாசம் வருவது, இதெல்லாம் சாவு விழுந்த வீட்டில் முதல் சில மாதங்களுக்குச் சாதாரணம். அது துக்கம், நோய் இல்லை. மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலிருந்து முப்பதுக்குள் ஆரம்பிக்கும், ஆண்களுக்குக் கொஞ்சம் முன்னாலேயே. 45 வயதில் முதல்முறையாக வருவது குறைவு. அதில் கேட்கும் குரல்கள் பல நேரம் படர்க்கையில் பேசும்: "எந்திரிச்சிட்டான் பாரு. வலையை எடுக்கிறான். பயந்துட்டான்." குடி நின்றதால் வரும் கலக்கம் இன்னொன்று. தினம் குடிப்பவர், புயல் கூண்டு ஏற்றி வழியெல்லாம் அடைபட்டதால் குடிக்க முடியாமல் போகிறார் என்று வையுங்கள். சில மணி நேரத்தில் கை நடுங்கும், வேர்க்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் பகலா இரவா என்பதே குழம்பும், காய்ச்சல் அடிக்கும், பூச்சி ஊர்வது கண்ணுக்குத் தெரியும். உயிரையே எடுக்கக்கூடியது அது, வேகமானது. நான்கு நாளில் முடியும் கதைக்குப் பொருந்தும், நான்கு மாதக் கதைக்குப் பொருந்தாது.

உங்கள் ஆளுக்குப் பொருந்துவது நான்காவது, பிரமையோடு கூடிய கடும் மனச்சோர்வு. அதற்கான விதை உங்கள் கதையிலேயே கிடக்கிறது. உடம்புக்கு முடியாமல் படுத்திருந்த தம்பியை அண்ணன்தான் வற்புறுத்திக் கடலுக்குக் கூட்டிப் போனார் என்று ஒரே வரியில் சொல்லித் தாண்டிவிட்டீர்கள். கதை அந்த வரியில்தான் இருக்கிறது. இந்த நிலையில் பிரமைகள் எல்லாம் குற்ற உணர்ச்சியின் நிறத்திலேயே வரும்: நான் பாவி, என்னால் எல்லாம் கெடுகிறது, உள்ளே அழுகிவிட்டேன். உடம்பிலும் தெரியும். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு. காலையில் பாரம் அதிகம், சாயங்காலம் கொஞ்சம் தேவலை. சோறு மண் மாதிரி இருக்கும். கைலி இடுப்பில் நிற்காது, இழுத்து இழுத்துக் கட்டுவார். நல்ல மீன்பாடு கிடைத்தாலும் முகத்தில் ஒன்றும் இருக்காது. 'அவன் சோகமாக இருந்தான்' என்று எழுதுவதற்குப் பதில் கைலியை மட்டும் எழுதுங்கள்.

குரலுக்கு வருவோம். உங்கள் தம்பி பதினோரு வரி பேசுகிறான், நாடக வசனம் போல. இந்த நிலையில் கேட்கும் குரல் பெரும்பாலும் சுருக்கமாக இருக்கும், குற்றம் சொல்லும். இரண்டு மூன்று சொல் போதும்: "நீதானேண்ணே கூப்பிட்ட." அது தலைக்குள் கேட்பதாக எழுதாதீர்கள். காதில் விழும், ஒரு இடத்திலிருந்து வரும்: குவித்து வைத்த வலைக்குள்ளிருந்து, அல்லது தூரத்து விசைப்படகின் எஞ்சின் இரைச்சலுக்கு அடியிலிருந்து. கதை முழுக்க மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். மூன்றாவது தடவை வாசகருக்குக் கேட்கும் முன்பே அண்ணன் தலையைத் திருப்பிவிட வேண்டும்.

'போல' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். உங்கள் பிரதியில் 23 இடத்தில் வருகிறது: 'தம்பி கூப்பிடுவது போல இருந்தது', 'யாரோ நிற்பது போலத் தோன்றியது'. சந்தேகப்படுகிறவன்தான் 'போல' என்பான், நம்பிவிட்டவன் சொல்லமாட்டான். அதனால் முதல் கால்பகுதியில் ஐந்தாறு 'போல' இருக்கட்டும், நடுவில் ஒன்று, அதற்குப் பிறகு ஒன்றுகூட இருக்கக் கூடாது. வாசகருக்கு என்ன மாறியது என்று தெரியாது, ஆனால் பிடிமானம் கழன்றது தெரியும்.

இன்னொன்று. கதையைத் தன்மையில் மாற்றி எழுதுங்கள். தமிழில் 'நான்' என்று சொல்லாமலேயே வினைமுற்று ஆளைச் சொல்லிவிடும். அந்த விகுதியில் கை வைக்கலாம்: 'விளக்கைப் பொருத்தினேன். குடத்தை எடுத்தேன். வெளியே வந்தான். குளிர் அவனுக்கு உறைக்கவில்லை. மணல் ஈரமாக இருந்தது, மண்வெட்டியை ஊன்றினேன்.' ஒரே ஒரு வாக்கியத்தில் மாற்றினால் அச்சுப்பிழை என்று திருத்திவிடுவார்கள். இரண்டு வாக்கியம் மாறி, விளக்கம் எதுவும் இல்லாமல் 'நான்' திரும்ப வந்துவிட வேண்டும். கதையில் மூன்றில் இரண்டு பங்கு கடந்தபின், ஒரே ஒரு தடவை. இரண்டாம் தடவை செய்தால் வித்தையாகிவிடும்.

அவருடைய நம்பிக்கைக்கு ஆதாரம் எங்கிருந்து வரும்? நீங்கள் ரத்தம், கரிய உருவம், தானாக ஆடும் தொட்டில் என்று வெளியிலிருந்து கொண்டு வந்திருக்கிறீர்கள். தனுஷ்கோடியில் அதைவிட நல்ல சாமான் இருக்கிறது, ஊற்றுக் குழி. மழைநீர் மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதக்கிறது, அதைவிட எடை குறைவு என்பதால். சில அடி தோண்டி, ஊற விட்டு, சிரட்டையால் மெதுவாக மொண்டால் நல்ல தண்ணீர். ஆழமாகத் தோண்டினாலோ அவசரமாக இறைத்தாலோ உப்பு மேலே ஏறிவிடும்.

இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் காலை தண்ணீர் லேசாகக் கரிக்கிறது. 'என்னாலதான்' என்று முள் விலகுகிறது. நல்ல தண்ணீர் கீழே இருக்கும் என்று இன்னும் ஓரடி தோண்டுகிறார், உப்பு கூடுகிறது. கூடிய உப்பு அவர் பாவத்துக்குச் சாட்சி. நான்காம் நாள் இன்னும் ஆழம், இன்னும் உப்பு. மனைவி பத்தடி தள்ளிச் சின்னதாக ஒரு குழி பறித்து நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து வாயில் ஊற்றுகிறாள்: "பாருங்க, இனிக்குது." அவர் நினைக்கிறார்: 'அவ தோண்டினா இனிக்குது. அப்ப கெட்டது தண்ணியில்ல, நான்தான்.' கதையிலேயே கொடூரமான இடம் இது. பிரமையின் தன்மையே இதுதான்: மறுப்பதற்காக நீங்கள் கொண்டுபோகும் ஆதாரத்தையும் அது தன் பக்கம் சேர்த்துக்கொள்ளும். மனைவியின் அன்பு அவரை இன்னும் ஒரு அடி கீழே இறக்குகிறது.

ரயிலைப் பற்றி. பாம்பனிலிருந்து போன அந்தப் பாசஞ்சர் ரயில் 1964 டிசம்பர் 22 இரவு கடலோடு போனது. இன்று 45 வயதுள்ளவர் அதற்குப் பல வருடம் கழித்துப் பிறந்தவர். ஆனால் உங்கள் கதையில் அவர் அதைச் சின்ன வயதில் கேட்டதாக வருகிறது. பிழை என்று நீக்காமல், "நீங்க அப்ப பொறக்கவே இல்லையே" என்று மனைவியைச் சொல்ல வைத்தால் ஒரே வரியில் முதுகு சில்லிடும். அதற்கு மேல் ரயில் வேண்டாம். அந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் அந்த ரயிலைத்தான் ஓட்டுகிறார்கள்.

மனைவி உருவில் வேறு ஆள் என்பது வேறு பிரமை. 1923 இல் காப்கிரா என்ற பிரெஞ்சு மருத்துவர் அதை விவரித்து எழுதினார். முகம் அதேதான், ஆனால் பார்த்ததும் எழ வேண்டிய 'நம்மாள்' என்ற உணர்வு எழாது, அதனால் அது போலி என்று மனம் முடிவு கட்டும். நெருங்கியவர்கள்மேல்தான் பெரும்பாலும் வரும். அதைத் தனிக் கதையாக எழுதுங்கள். அப்படி எழுதும்போது கத்தியைத் தொடாதீர்கள். இருபது வருடம் மனைவியை 'நீ' என்றவன் ஒரு காலையில் "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டால் போதும்.

இந்தக் கதையில் கொலையை எடுத்துவிடுங்கள். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை, அடிபடுவதுதான் அதிகம். நூறு கதைகள் அதை மாற்றிச் சொன்னதால் வாடகைக்கு வீடு கிடைக்காமல், கல்யாணம் நின்று, வைத்தியத்துக்குப் போகவே கூச்சப்பட்டுக் கிடக்கும் குடும்பங்கள் உண்டு. கதைத் தொழிலுக்கும் அது நஷ்டம். கொலை விழுந்தவுடன் வாசகருக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது, 'சரி, முடிந்தது' என்று.

ஏர்வாடிச் சங்கிலி வேண்டவே வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் எரிந்து இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. அந்தச் சங்கிலியைப் பார்த்து வாசகர் நோயாளியிடம் பயப்படும்படி எழுதுவது, நடந்ததைத் தலைகீழாக்குவது. பயந்தவர் கட்டப்பட்டவர். அவர் காலிலிருந்து எழுத முடிந்தால் எழுதுங்கள், அது இன்னொரு கதை. ஏர்வாடி தர்காவைக் காட்டுவதானால், எல்லா மதத்துக் குடும்பங்களும் வாரக்கணக்கில் தங்கி நம்பிக்கையோடு காத்திருக்கும் இடமாகக் காட்டுங்கள். 'காத்துக்கருப்பு', 'செய்வினை' என்ற சொற்கள் உறவினர் வாயில் வரலாம், அவர்கள் அதை மனதார நம்பித்தான் சொல்கிறார்கள். 'பைத்தியம்' கதை சொல்பவர் வாயில் வரக்கூடாது.

சித்தப்பாவின் வயது, தொழில், ஊர், அவர் சொன்ன சொற்கள் நான்கையும் மாற்றிவிடுங்கள். அவரோ சித்தியோ படித்தால் தங்களை அடையாளம் காணக் கூடாது. அவருக்கு இன்னும் சிரமம் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம், இரவிலும் எடுப்பார்கள்.

திருத்தும்போது 1,400 சொற்களுக்குள் கொண்டு வாருங்கள். முதல் 300 சொல் வலை, அடுப்பு, குடம் என்று தினசரி வேலை மட்டும், எல்லாம் பிசகாமல். தண்ணீர் கரிப்பது 300க்கும் 350க்கும் நடுவில். மனைவியின் குழி 900 வாக்கில். கனவுக் காட்சியும் கடைசி மருத்துவரும் போகட்டும்.

முடிவுக்கு மணலையே நம்புங்கள். ஈர மணல் சுவர் மாதிரி நிற்கும், காய்ந்தால் நிற்காது. பழைய குழியில் தண்ணீர் நிற்பதால் அவர் உயரமான மணல்மேட்டில் புதிதாகத் தோண்டுகிறார். பன்னிரண்டாம் நாள் அந்தக் குழி ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது, வாடைக்காற்று விளிம்பைக் காய வைத்திருக்கிறது. அவர் உள்ளே இருக்கிறார், மண்வெட்டி சீராக விழுகிறது. மனைவி அரிக்கேன் விளக்கோடு ஓடி வந்து, அவரைக் கூப்பிடுவதற்காக விளிம்பில் வந்து நிற்கிறாள். அவள் காலடியிலிருந்து மணல் ஒரு கோடாகச் சரிந்து அவர் தோளில் விழுகிறது. அவர் நிமிர்ந்து பார்த்து, பல நாளைக்குப் பிறகு முதல்முறையாகச் சிரிக்கிறார்: "இப்பத்தான் இனிக்குது." அந்த வரியோடு நிறுத்துங்கள்.